மாட்டுப்பாதை, கண்மாய்க்கரை, தைலமரக்காடு: நார்த்தாமலையைச் சுற்றி மவுன்டன் பைக் ஓட்ட முழு வழிகாட்டி

மவுன்டன் பைக் வாங்கியவர்கள் அடுத்த மாதமே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எந்த மலைக்குப் போகலாம்?" ஏலகிரி, கொல்லிமலை என்று பட்டியல் போடுவார்கள். போய்ப் பார்த்தால் மலைக்கு மேலே வரை தார்ச்சாலை. மூச்சு முட்ட ஏறி, பிரேக்கைப் பிடித்தபடி இறங்கி வருவார்கள். அந்த அகலமான டயருக்கும் முன்னால் அதிர்வு தாங்கும் ஃபோர்க்குக்கும் அங்கே ஒரு வேலையும் இல்லை. ரோடு சைக்கிளே போதும்.

அந்தச் சைக்கிளுக்கு உண்மையான வேலை இருப்பது சமவெளிக் கிராமங்களில்தான். வண்டிப்பாதை, கண்மாய்க்கரை, மாடு போய்ப் போய்த் தேய்ந்த ஒற்றையடித் தடம், தைலமரக் காட்டின் நடுவே விட்டிருக்கும் சந்து என்று எல்லாம் அங்கே இருக்கின்றன. வெளிநாடுகளில் இதற்காகவே தடம் வெட்டி, பலகை நட்டு, பச்சை, நீலம், கறுப்பு என்று தரம் பிரித்து வைப்பார்கள். நம் ஊரில் பலகை கிடையாது. ஆனால் தடத்தை ஊர் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறது, தரமும் பிரித்திருக்கிறது. அதைப் படிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். புதுக்கோட்டை மாவட்டத்தின் நார்த்தாமலையை மையமாக வைத்து அதைச் சொல்கிறேன். முறை பிடிபட்டால் உங்கள் ஊருக்கும் இதுவே பொருந்தும்.

ஏன் நார்த்தாமலை?

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகும் நெடுஞ்சாலையில் சுமார் 35 கிலோமீட்டரில் மேற்கே திரும்பினால் வரும் சிற்றூர். 'நகரத்தார் மலை' என்பதே நார்த்தாமலை ஆனது என்பார்கள். சோழர் காலத்தில் வணிகர் குழுக்கள் இருந்த ஊர். மேலமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை, பொம்மமலை என்று சுற்றிலும் சின்னச் சின்னக் கருங்கல் குன்றுகள். பெயர்தான் மலை, ஒவ்வொன்றும் யானை படுத்திருப்பது மாதிரி ஒரு பாறை முதுகு. அந்தக் குன்றுகளுக்கு நடுவே நிலம் மெதுவாக ஏறி இறங்குகிறது. புதிதாக ஓட்டுபவருக்குத் தொடை வலிக்காது, பழகியவருக்கும் அலுக்காது.

இன்னொரு காரணம் தண்ணீர். மாவட்டத்தின் கிழக்குப் பக்கத்துக்குக் கல்லணைக் கால்வாய் வழியாகக் காவிரி வருகிறது. மேற்குப் பக்கம் முழுக்க வானம் பார்த்த பூமி. அதனால் பள்ளம் கண்ட இடமெல்லாம் முன்னோர்கள் கண்மாய் வெட்டி, கரை போட்டிருக்கிறார்கள். ஒரு கரை முடிந்தால், அதன் உபரிநீர் வழியும் கலிங்கிலிருந்து போகும் ஓடை அடுத்த கண்மாய்க்குக் கூட்டிக்கொண்டு போகும். சைக்கிள் ஓட்டுபவனுக்கு இதைவிட நல்ல தடத்தை யாரும் திட்டம் போட்டு வெட்டித் தர முடியாது.

படி 1: நாள் குறிப்பது

ஜனவரி, பிப்ரவரி, மார்ச் முதல் பாதி. இதுதான் பருவம். மழை ஓய்ந்து மண் இறுகியிருக்கும், கண்மாயில் தண்ணீர் இருக்கும், வெயில் இன்னும் கடிக்க ஆரம்பித்திருக்காது. அறுவடை நடக்கும் காலம் என்பதால் சில கிராமச் சாலைகளில் கதிரையோ தானியத்தையோ காயப் போட்டிருப்பார்கள். அதன் மேல் ஏற்றிப் போகாதீர்கள், இறங்கித் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் ஓட்டியே தீருவேன் என்றால் காலை ஐந்தரைக்குக் கிளம்பி ஒன்பதுக்குள் நிழலுக்கு வந்துவிட வேண்டும். கருங்கல் பாறை சூட்டை வாங்கித் திருப்பி அடிக்கும்; தார்ச்சாலையைவிடக் குன்று ஓரத்தில்தான் அதிகம் வேகும். ஆடியில் காற்று. மேற்கிலிருந்து அடிக்கும், வெயில் ஏற ஏற வலுக்கும். அந்த மாதங்களில் காலையில் மேற்கே போய்விட்டுத் திரும்பும்போது முதுகில் காற்றை வாங்கிக்கொண்டு வருகிற மாதிரி சுற்றை அமைத்துக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை இதை மாற்றிச் செய்து, கடைசி எட்டு கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன்.

ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய்க்கரைப் பக்கமே போகாதீர்கள். ஈரக் கரையில் டயர் பதிந்தால் அந்தக் கோடு வழியாகவே மழைநீர் அரித்துக்கொண்டு இறங்கும். கரை ஊருடைய சொத்து.

நாள் குறிக்கும்போது இன்னும் இரண்டைப் பாருங்கள். ஒன்று, நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோயிலின் பங்குனித் திருவிழா. அப்போது ஊருக்குள் சைக்கிள் அல்ல, ஆள் நுழைவதே பாடு. இரண்டாவது மஞ்சுவிரட்டு. ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு நடக்கும் தச்சன்குறிச்சி இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. தை பிறந்துவிட்டால் அதன்பின் பல ஊர்களில் வரிசையாக நடக்கும். வாடிவாசல் தாண்டி ஓடிய காளை வயல்வெளியில் எங்கே நிற்கும் என்று அதன் சொந்தக்காரருக்கே தெரியாது. பக்கத்து ஊரில் அன்று மாடு விடுகிறார்களா என்று டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள்.

படி 2: வீட்டிலிருந்தே தடம் தேடுவது

முதலில் கைப்பேசியில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து நார்த்தாமலையைப் பெரிதாக்குங்கள். சாலை வரைபடம் வேண்டாம், அதில் பாதிப் பாதை இருக்காது. படத்தில் மூன்று வகைக் கோடுகளைத் தேடுங்கள். பிறை வடிவில் வளைந்து, ஒரு பக்கம் நீரும் மறுபக்கம் வயலும் இருந்தால் அது கண்மாய்க்கரை. நேர்கோடாகக் கரும்பச்சை மரவரிசைக்கு இடையில் ஓடினால் தைலமரக் காட்டின் சந்து. வெளிர் சிவப்பில் நெளிந்து நெளிந்து போனால் வண்டிப்பாதை.

அடுத்த வேலையைப் பலர் செய்வதில்லை. அந்தக் கோடு யாருடைய நிலத்தில் போகிறது என்று பாருங்கள். தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் நிலத்தின் அளவு வரைபடமான புலப்படமும், அது என்ன வகை நிலம் என்று சொல்லும் அ-பதிவேடும் பார்க்கலாம். சர்வே எண்ணுக்கு எதிரே வண்டிப்பாதை என்றோ புறம்போக்கு என்றோ இருந்தால் நிம்மதியாகப் போகலாம். பட்டா என்று இருந்தால் அது ஒருவருடைய நிலம். அவரிடம் கேட்காமல் போவது முறையல்ல. எல்லாப் பாதைக்கும் இப்படிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாதுதான். ஊரை ஒட்டிய பாதைக்கும், வேலி தாண்ட வேண்டிய பாதைக்கும் பாருங்கள். வனத்துறையின் காப்புக்காடு என்றால் அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். தைலமரத் தோட்டங்கள் பெரும்பாலும் அரசின் வனத்தோட்டக் கழகத்துக்குச் சொந்தம். காவலாளி இருந்தால் நின்று சொல்லிவிட்டுப் போங்கள்.

இப்படித் தேர்ந்த தடத்தைக் கைப்பேசியில் வரைந்து, இணையம் இல்லாமலும் திறக்கிற மாதிரி சேமித்து வையுங்கள். குன்றுக்குப் பின்னால் போனால் சிக்னல் போய்விடும்.

படி 3: கேட்பது

படத்தில் கிடைப்பது பாதி. மீதி அங்கே ஆடு மேய்ப்பவரிடம் இருக்கிறது. ஆனால் கேட்கும் விதத்தில் ஒரு சூட்சுமம் உண்டு.

"இந்தப் பாதை அன்னவாசல் போகுமா?" என்று கேட்டால் பதில் எப்போதும் "போகும்" என்றுதான் வரும். பொய் இல்லை, எல்லாப் பாதையும் எப்படியாவது போகத்தான் செய்யும். இல்லை என்று சொல்லி உங்கள் முகத்தை வாட வைக்க அவருக்கு மனம் வராது. அதனால் இப்படிக் கேளுங்கள்: "அண்ணே, இதுல என்ன வண்டி போகும்?"

இந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலே உங்களுக்கான தரப் பலகை. "டிராக்டர் போகும்" என்றால் எளிது, குழந்தைகூட ஓட்டலாம். "டூவீலர் போகும்" என்றால் ஒற்றைத் தடம், நடுவே கல் கிடக்கும், கவனம் வேண்டும், ஆனால் முழுக்க ஓட்டிவிடலாம். மவுன்டன் பைக்குக்கு மிகவும் பொருத்தமான தரம் இதுதான். "மாடு போகும்" என்றால் பாதி ஓட்டுவீர்கள், பாதி தள்ளுவீர்கள். பழகியவர்கள் தேடிப் போவது இதைத்தான். "ஆடு போகும்" என்று சொல்லிவிட்டு அவர் உங்கள் சைக்கிளை ஒரு பார்வை பார்த்தால், திரும்பி விடுங்கள்.

ஒருமுறை கண்மாய்க்கரை ஒன்றில் ஒரு பெரியவர் என்னை நிறுத்தினார். "எங்க தம்பி போறீக?" என்றார். சித்தன்னவாசல் என்றேன். "அங்கிட்டுப் போகாதீக, கலிங்குகிட்ட கரை ஒடைஞ்சு கெடக்கு. உள்வாயில எறங்கிப் போங்க, இப்பத் தண்ணி இல்ல" என்றார். உள்வாய் என்றால் கண்மாய்க்குள் நீர் நிற்கும் பரப்பு. என் கைப்பேசியில் அந்த உடைப்பு இல்லை. அதற்கு முந்தைய வருடப் படம் அது.

இந்த வட்டாரத்தில் கேட்டே ஆக வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நார்த்தாமலைப் பக்கத்தில் துப்பாக்கிச் சுடும் பயிற்சித் தளம் ஒன்று செயல்பட்டு வந்தது. 2021 டிசம்பர் கடைசியில் அங்கிருந்து வந்த குண்டு பாய்ந்து, தள்ளியிருந்த வீட்டருகே இருந்த 11 வயதுச் சிறுவன் சில நாட்களில் இறந்துபோனான். அதோடு சுற்றிலும் கல்குவாரிகள் வேறு. வெடி வைக்கும் நேரம் ஊர்க்காரர்களுக்கு அத்துப்படி, நமக்குத் தெரியாது. குன்றை ஒட்டிய புதுப்பாதையில் திரும்பும் முன் ஒருவரையாவது கேட்டுவிட்டுத் திரும்புங்கள்.

படி 4: சைக்கிளும் முள்ளும்

பின்னால் சஸ்பென்ஷன் இருக்கும் விலையுயர்ந்த சைக்கிள் இந்த மண்ணுக்குத் தேவையில்லை. முன்னால் மட்டும் 100 மில்லிமீட்டர் அமுங்கும் ஃபோர்க், 27.5 அல்லது 29 அங்குலச் சக்கரம், 2.1 முதல் 2.3 அங்குல அகல டயர், டிஸ்க் பிரேக். இது போதும். சீட் உயரம் பார்க்க எளிய வழி: சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்தால், பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். கரடுமுரடான பாதையில் அதிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். இந்த நாட்டுப்புறத்தில் உங்கள் எதிரி ஏற்றமோ வெயிலோ அல்ல. முள்.

சீமைக்கருவேலம் இல்லாத கண்மாய் கிடையாது. வேலி அடைக்க வெட்டிப் போட்ட கிளையிலிருந்து உதிரும் காய்ந்த முள், டயரின் தடித்த பகுதியையே துளைத்துவிடும். நெருஞ்சி அதைவிடக் கள்ளத்தனம். தரையோடு தரையாக மஞ்சள் பூவோடு படர்ந்திருக்கும், எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல்நோக்கி நிற்கும். ஓரமாகச் சைக்கிளைச் சாய்த்து வைத்துத் தண்ணீர் குடிக்கும் இரண்டு நிமிடத்தில் நான்கு ஓட்டை போட்டுக்கொண்டு கிளம்புவீர்கள்.

முடிந்தால் டியூப் இல்லாத டயராக மாற்றி உள்ளே சீலன்ட் ஊற்றிவிடுங்கள். சின்ன முள் ஓட்டையெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடைபடும். இந்த வெயிலுக்குச் சீலன்ட் சீக்கிரம் காய்ந்துவிடும், அதனால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து ஊற்றுங்கள். காற்று, எழுபது கிலோ எடை உள்ளவருக்கு டியூப் டயரில் 30 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) சுற்றியும், டியூப் இல்லாததில் 24 சுற்றியும் இருக்கட்டும். "கல்லு மாதிரி அடிச்சு விடுங்க" என்று கடையில் சொல்லாதீர்கள். கல் மாதிரி இருந்தால் கல்லில் வழுக்கும்.

டியூப் டயர் என்றால் பஞ்சர் ஒட்டும் கலை கைவர வேண்டும். வரிசை இது:

சக்கரத்தைக் கழற்றி, டயரின் ஒரு விளிம்பை மட்டும் லீவரால் நெம்பி எடுங்கள். டியூபை உருவும் முன் வால்வு எந்த இடத்தில் இருந்தது என்று டயரில் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். டியூபில் காற்றடித்து, கன்னத்தருகே வைத்துச் சுற்றினால் காற்று படும் இடம் தெரியும். அந்த இடத்தை வால்விலிருந்து அளந்து, டயரில் அதே தூரத்தில் தேடினால் முள் அங்கே உட்கார்ந்திருக்கும். அதைப் பிடுங்காமல் புது டியூப் போட்டவர்கள் அரைக் கிலோமீட்டரில் மறுபடி உட்கார்ந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன், நானும் உட்கார்ந்திருக்கிறேன். உள்பக்கத்தைத் தடவ விரலைப் பயன்படுத்தாதீர்கள், துணியை வைத்துத் தடவுங்கள். முள்ளில் துணி மாட்டும். பையில் ஒரு சின்ன இடுக்கி வையுங்கள், முனை ஒடிந்த முள்ளை நகத்தால் எடுக்க வராது. பிறகு உப்புத்தாளால் டியூபைத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, பளபளப்பு போய் மங்கும் வரை காத்திருங்கள். அந்த இரண்டு மூன்று நிமிடப் பொறுமை இல்லாமல் ஒட்டும் துண்டுதான் வழியில் பெயர்கிறது. ஒட்டி, அழுத்தி, அப்புறம் டயருக்குள் தள்ளுங்கள்.

இதற்கு மேல் இரண்டு மாற்று டியூப். கிராமத்துச் சைக்கிள் கடைக்காரர் எந்தப் பழைய சைக்கிளையும் ஓட வைத்துவிடுவார், ஆனால் 29 அங்குல டியூபுக்கு அவர் எங்கே போவார்? உங்கள் வால்வு மெல்லிய பிரெஸ்டா வகை என்றால் அவருடைய பம்பும் சேராது. சட்டைப்பையில் கிடக்கும் ஒரு சின்ன பித்தளை அடாப்டர் அப்போது தங்கத்துக்குச் சமம். செயின் இணைக்கும் கண்ணி, பல கருவிகள் அடங்கிய சாவி, கைப்பம்பு, நான்கைந்து பிளாஸ்டிக் கட்டு. அவ்வளவு போதும், பட்டறையையே முதுகில் சுமக்க வேண்டாம்.

ஹெல்மெட், கையுறை, கண்ணாடி மூன்றும் கட்டாயம். கண்ணாடி ஸ்டைலுக்கு அல்ல. கருவேலக் கிளை கண் உயரத்தில்தான் நீட்டிக்கொண்டிருக்கும்.

படி 5: மூன்று சுற்றுகள்

முதல் சுற்று, எட்டு கிலோமீட்டருக்குள். முதல்முறை வருபவருக்கு இதுவே போதும். ஊருக்குள்ளிருந்து கிளம்பி மேலமலை அடிவாரம், அதை ஒட்டிய நீர்நிலைக் கரைகள், திரும்பவும் ஊர். டிராக்டர் தரம், ஓரிரு இடத்தில் டூவீலர் தரம். அடிவாரத்தில் சைக்கிளைப் பூட்டிவிட்டுப் பாறையில் நடந்து ஏறுங்கள். மேலே விசயாலய சோழீச்சுவரம் நிற்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டுக் கற்றளி, மேற்குப் பார்த்தது. வெளியே சதுரம், உள்ளே கருவறை வட்டம். சுற்றிலும் சின்னச் சின்னத் துணைக் கோயில்கள். பெயரில் சோழ மன்னன் விசயாலயன் இருந்தாலும், முத்தரையர் என்ற குறுநில மன்னர் வழியில் வந்த சாத்தன் பூதி எடுப்பித்த கோயில் இது. மழையில் இடிந்ததை இன்னொருவர் புதுப்பித்தார் என்று கல்வெட்டே சொல்கிறது. எதிரே பாறையில் குடைந்த இரண்டு குடைவரைகள்.

பாறைச் சரிவைப் பார்த்ததும் சைக்கிளோடு ஏறி இறங்கிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். வேண்டாம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம்; அதோடு ஆயிரம் ஆண்டுக்கு மேலாக நிற்கும் கோயில் முற்றத்தில் டயர் தடம் போடுவது நமக்கே கூசும்.

இரண்டாவது சுற்று, நார்த்தாமலையிலிருந்து தென்மேற்கே சித்தன்னவாசல் போய்த் திரும்புவது. வளைந்து வளைந்து போனால் போக வர 25 முதல் 30 கிலோமீட்டர். என்னைக் கேட்டால் மூன்றில் சிறந்தது இதுதான். செம்மண் சரளை, தைலமரக் காடு, கண்மாய்க்கரை மூன்றும் மாறி மாறி வரும். வண்டிப்பாதையில் மணிக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல் கணக்குப் போடாதீர்கள். நின்று பார்ப்பதையும் சேர்த்தால் அரைநாள் ஆகும். சித்தன்னவாசலில் சமணர் குடைவரையான அறிவர் கோயில், அதன் விதானத்தில் தாமரைக் குளம் ஓவியம். குன்றின் மேல் ஏழடிப்பட்டம் என்ற குகைத்தளம். கல்லில் செதுக்கிய 17 படுக்கைகள், ஒன்றில் தமிழ்ப் பிராமி எழுத்து. குகைத்தளத்துக்கு வெயில் ஏறும் முன் போய்விடுங்கள்.

சித்தன்னவாசலைச் சுற்றிய வெளியில் கற்கள் வட்டமாகப் பதிந்திருப்பதைப் பார்த்தால் விலகிப் போங்கள். அவை பெருங்கற்காலப் புதைவிடங்கள். பார்க்க வெறும் கல் மாதிரிதான் இருக்கும். அதனால்தான் டிப்பர் லாரிக்கும் அவை தப்புவதில்லை, நாமும் சேர்ந்து மிதிக்க வேண்டாம்.

மூன்றாவது, நாள் முழுக்க. சித்தன்னவாசலிலிருந்து அன்னவாசல் வழியாகக் குடுமியான்மலை, பிறகு வேறு வழியாகத் திரும்பல். 45 முதல் 50 கிலோமீட்டர். பாதித் தூரம் கிராமத் தார்ச்சாலையில்தான் போக வேண்டிவரும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குடுமியான்மலைப் பாறையில் பொறித்த இசைக் கல்வெட்டைப் பார்த்துவிட்டு, கோயில் சிற்பங்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மதியச் சாப்பாட்டை அன்னவாசலில் முடித்துக்கொள்வது நல்லது. உள்கிராமங்களில் டீயும் வடையும்தான் நம்பிக்கை.

தண்ணீர் மணிக்கு முக்கால் லிட்டர், வெயில் காலத்தில் ஒரு லிட்டர். வெறும் தண்ணீராகவே குடித்தால் தலை கிறுகிறுக்கும். உப்புப் போட்ட மோர் கிடைத்த இடத்தில் எல்லாம் நில்லுங்கள். கோடையில் பனைமரத்தடியில் நுங்கு.

படி 6: மண்ணுக்கு ஏற்ற ஓட்டம்

செம்மண் சரளை. இங்கே அதிகம் வருவது. சின்ன உருண்டைக் கற்கள், குண்டுமணியைக் கொட்டி வைத்த தரை மாதிரி. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் முன் பிரேக்கைத் தொடாதீர்கள். தொட்டால் முன் சக்கரம் ஓடிவிடும். இடது முழங்கையில் எனக்கு இருக்கும் தழும்பு இந்தப் பாடத்தின் நினைவு.

மணல். ஓடை குறுக்கிடும் இடங்களில் வரும். மணலுக்குள் நுழைந்த பிறகு கியர் மாற்றக் கூடாது. நுழையும் முன்பே இலகுவான கியருக்கு வந்து, உடம்பைச் சற்றுப் பின்னால் தள்ளி, சீராக மிதியுங்கள். ஹேண்டில் ஆடினால் ஆடட்டும், இறுக்கிப் பிடித்தால் விழுவீர்கள்.

வண்டித்தடம். டயர் பதிந்து ஆழமான இரட்டைக் கோடு. ஒரு கோட்டுக்குள் போனால் அதிலேயே போங்கள். மாற வேண்டுமென்றால் வேகத்தைக் குறைத்து, முன் சக்கரத்தைத் தூக்கிக் குறுக்காக வையுங்கள்; சாய்வாக ஏறப் பார்த்தால் பக்கவாட்டில் சாய்க்கும்.

கண்மாய் உள்வாய். நீர் வற்றிய களிமண் வெடித்துக் கிடக்கும். காய்ந்திருந்தால் நல்ல ஓட்டம். ஈரமாக இருந்தால் இருபது அடியில் சக்கரம் அப்பளமாவு பிசைந்த மாதிரி ஆகி நின்றுவிடும். உள்வாயில் இரண்டு கல்தூண்களும் குறுக்கே சட்டமும் தனியாக நிற்பதைக் கண்டால் நில்லுங்கள். குமிழித்தூம்பு என்று பெயர். நீரை அளந்து திறந்துவிட அந்தக் காலத்தில் அமைத்த மதகு. சிலவற்றில் கல்வெட்டும் இருக்கும்.

கண்மாய்க்கரை. மேலே குறுகலாக இருக்கும், இரண்டு பக்கமும் சரிவு. சக்கரத்தைப் பார்க்காமல் பத்து பதினைந்தடி தள்ளிப் பாருங்கள். கண் போகும் இடத்துக்குச் சைக்கிள் போகும். கலிங்கு வந்தால் இறங்கித் தள்ளுங்கள்.

தைலமரக்காட்டில் காய்ந்த இலை, பட்டை. மேலே பஞ்சு மெத்தை, அடியில் வேர். மெதுவாகப் போனால் எல்லாம் சரி.

வரப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். ஒருவர் மண்வெட்டியால் நாள் கணக்கில் அணைத்தது அது.

படி 7: எதற்குப் பயப்பட வேண்டும்

பாம்புக்குப் பயப்படுபவர்கள் அதிகம், ஆனால் பகலில் சைக்கிள் அதிர்வுக்கே அது பெரும்பாலும் விலகிவிடும். அந்தி சாய்ந்த பிறகு சூடான பாதையில் கண்ணாடிவிரியன் படுத்திருக்கலாம்; அதனால் இருட்டும் முன் ஊர் சேருங்கள். கடித்தால் கீறாமல், கயிறு கட்டாமல், காலை அசைக்காமல் வைத்து 108-ஐ அழையுங்கள். புதுக்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

நான் உண்மையில் பயப்படுவது கிணற்றுக்கு. கைப்பிடிச் சுவர் இல்லாத தரைக்கிணறு, சுற்றிலும் புல் மண்டியிருக்கும். அகலம் ஒரு வீடு அளவு. தெரியாத காட்டில் பாதையை விட்டு விலகி ஓட்டாதீர்கள் என்பதற்கு இந்த ஒரு காரணம் போதும். கைவிட்ட குவாரிப் பள்ளமும் அப்படியே. அடுத்தது காட்டுப்பன்றிக்காகச் சட்டத்தை மீறிப் போடும் மின்வேலி. தரையோடு ஒட்டி ஓடும் கம்பியைக் கண்டால் அது வெறும் கம்பி என்று நினைக்காதீர்கள், தொடாமல் திரும்புங்கள்.

நாய் துரத்தினால் மிதித்துத் தப்பிக்கப் பார்ப்பது வேலைக்கு ஆகாது, கரடுமுரடான பாதையில் நாய்தான் ஜெயிக்கும். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து, குரல் கொடுத்தபடி நடங்கள். சைக்கிளை விட்டு இறங்கிவிட்டாலே பாதி நாய்கள் ஆர்வம் இழந்துவிடும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஊசி போட வேண்டும்.

ஆட்டு மந்தை எதிரே வந்தால் ஓரமாக நின்றுவிடுங்கள். மணியடித்தால் ஆடு சிதறும். சிதறினதைச் சேர்க்கும் அப்பத்தாவின் வாயிலிருந்து வருவதைக் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. மண்குதிரைகள் நிற்கும் அய்யனார் கோயில் வழியாகப் பாதை போனால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். கோயில்காட்டில் ஒரு சுள்ளிகூட எடுக்காத ஊர்கள் இவை. மிட்டாய்த் தாளைப் போட்டுவிட்டு வராதீர்கள்.

தனியாகப் போனால் எந்த வழியாகப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று டீக்கடையில் சொல்லிவிட்டுப் போங்கள். வீட்டில் சொல்வதைவிட இது பயன்படும். திரும்பி வரும்போது அதே கடையில் இன்னொரு டீ குடித்து, வந்துவிட்டேன் என்று காட்டிக்கொள்ளுங்கள்.

படி 8: வீடு திரும்பிய பிறகு

செம்மண் தூசி செயினில் எண்ணெயோடு சேர்ந்தால் அரைக்கும் பசையாகிவிடும். அன்று இரவே உலர்ந்த துணியால் செயினைத் துடைத்து, கொஞ்சம் எண்ணெய் விட்டு, மிச்சத்தை மறுபடி துடைத்துவிடுங்கள். பைப்பை வைத்து அடித்துக் கழுவினால் பேரிங்குக்குள் தண்ணீர் போகும், ஈரத்துணியே போதும்.

சேமித்த தடத்தில் அன்று கண்டதைக் குறியுங்கள்: எந்தக் கரை உடைந்திருந்தது, எந்த இடத்தில் புது வேலி போட்டிருந்தார்கள், யாரிடம் கேட்டுப் போனீர்கள், எந்தத் தரம். தேதியையும் போடுங்கள், ஒரு மழைக்காலம் போனால் பாதி மாறிவிடும்.

டயரை விளக்கு வெளிச்சத்தில் மெதுவாகச் சுற்றி, குத்தியிருக்கும் முள்ளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுங்கள். டியூப் இல்லாத டயர் என்றால் முள்ளை எடுத்ததும் அந்த இடம் கீழே வருகிற மாதிரி சக்கரத்தைத் திருப்பி வையுங்கள், சீலன்ட் வந்து அடைக்கட்டும். பிறகு சுவரில் சாய்த்துவிட்டுத் தூங்கப் போங்கள். மறுநாள் காலையில் டயரை அழுத்திப் பாருங்கள். நார்த்தாமலை முள் ஒன்று தப்பியிருந்தால் அப்போதுதான் தெரியும்.